பழைய காரில் கடிகாரம் நின்றுவிட்டதா?

முதல் புரோட்டோன் சாகா 1985 ஜூலையில் வெளிவந்தது. அதன் பிறகு 1992-இல் ஈஸ்வாரா, 1993-இல் வீரா, 1994-இல் பெரோடுவாவின் கஞ்சில். இவற்றில் பல இன்றும் பிரிக்பீல்ட்ஸ் சந்துகளிலும் கிள்ளான் தாமான்களிலும் நன்றாகவே ஓடுகின்றன. அப்பா வாங்கிய வண்டி என்று விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. இன்ஜினுக்கும் ஏர்கோனுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம். டேஷ்போர்டில் மணி காட்டும் சின்னப் பெட்டி இருண்டுபோனால் மட்டும் "கைப்பேசி இருக்கிறதே" என்று விட்டுவிடுகிறோம். வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுப்பது சட்டப்படி குற்றம். காலை ஏழு மணிக்கு ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில், பிள்ளைக்குப் பள்ளி மணி அடிப்பதற்குள் போய்ச் சேர முடியுமா என்று பார்க்கக் கண்ணெதிரே ஒரு கடிகாரம் வேண்டும்.

கடிகாரம் முழுதாகச் செத்துப்போவது குறைவு. அதற்கு வரும் மின்சாரம் எங்கோ நின்றிருக்கும், அல்லது உள்ளே ஓர் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கும். காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் பார்த்துவிட்டு, கழற்றும் வேலைக்குப் பிறகு போகலாம். கீழே உள்ளவை அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. கோளாறு எப்போது வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். டேஷ்போர்டு டிஜிட்டல் கடிகாரத்துக்குப் பெரும்பாலும் நான்கு வயர்கள் வரும். ஒன்றில் சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். நேரத்தை நினைவில் வைத்திருப்பது அதுதான். இரண்டாவதில் சாவியைத் திருப்பினால்தான் மின்சாரம் வரும். எழுத்தை ஒளிரவைப்பது அது. மூன்றாவது, இரவில் விளக்கைப் போட்டதும் எழுத்தின் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு. நான்காவது எர்த். இந்த நான்கும் தெரிந்தால் நோய் பாதி பிடிபட்டுவிடும். வண்டியை நிறுத்தி எடுக்கும் ஒவ்வொரு முறையும் 1:00 என்றோ 12:00 என்றோ தொடங்கினால் முதல் வயரில் மின்சாரம் வரவில்லை. எழுத்தே தெரியாமல் இருந்து, என்றோ ஒரு நாள் தெரியும்போது நேரம் சரியாக இருந்தால் இரண்டாவது வயரைப் பாருங்கள். பகலிலும் மங்கலாக எரிந்தால், பார்க்கிங் விளக்கு போட்டபடி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு மூன்றாவதைச் சந்தேகப்படுங்கள். மேடு பள்ளத்தில் விட்டுவிட்டு எரிந்தாலோ, விரலால் தட்டினால் உயிர் வந்தாலோ, எர்த் தளர்ந்திருக்கும் அல்லது உள்ளே விரிசல் இருக்கும். காலையில் எரிந்து மதிய வெயிலில் மறைந்தால் அநேகமாக விரிசல்தான்.

2. கூரையில் இருக்கும் ரூம் லைட் எரிகிறதா? பல வண்டிகளில் அதற்கும் கடிகார நினைவுக்கும் ஒரே ஃபியூஸ். சிகரெட் லைட்டர் வேலை செய்கிறதா? சாவி போட்டதும் வரும் மின்சாரம் பெரும்பாலும் அதன் ஃபியூஸ் வழியாகத்தான் கடிகாரத்துக்கும் போகிறது. ரூம் லைட்டும் கடிகாரமும் சேர்ந்து போயிருந்தால் கடிகாரத்தைக் கழற்றவே தேவையில்லை. இதைக் கேட்காமலேயே "கடிகாரம் போச்சு அண்ணே, மாத்திடலாம்" என்று சொல்லும் வொர்க்‌ஷாப்பில் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.

3. ஃபியூஸ் பெட்டி பெரும்பாலும் ஓட்டுநரின் முழங்கால் பக்கத்தில், டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும். இன்னொன்று இன்ஜின் பக்கம். மூடியின் உட்புறத்தில் எது எதற்கு என்று எழுதியிருக்கும். ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். சில சமயம் கம்பி முழுதாகத் தெரியும், ஆனால் இரண்டு காலும் பாசி பிடித்து மின்சாரம் ஏறாது. பென்சில் அழிப்பானால் காலைத் தேய்த்துவிட்டு மறுபடி செருகுங்கள். புதிது போட்டால் அதே ஆம்பியர் எண்: 10 இருந்த இடத்தில் 10, 15 இருந்த இடத்தில் 15. சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஃபியூஸ் எரிய வேண்டிய நேரத்தில் வயர் எரியும். புது ஃபியூஸும் உடனே போனால், லைட்டர் குழிக்குள் சில்லறைக் காசு விழுந்திருக்கிறதா, மலிவான சார்ஜர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

4. ஸ்டார்ட் செய்யும் நொடியில் மட்டும் நேரம் அழிந்துபோனால் குற்றவாளி பெட்டரி. நம் ஊர் சூட்டில் அது ஒன்றரை, இரண்டு வருடத்தில் தளர்ந்துவிடும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் மல்ட்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. சாவியைத் திருப்பும்போது அது 9-க்கும் கீழே சரிந்தால் பெட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் முதலில் அதை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து இறுக்குங்கள். பல நேரம் அதுவே போதும்.

5. புது ரேடியோவோ அலாரமோ பொருத்திய அன்றிலிருந்து மணி தெரியவில்லை என்றால் காரணம் தேடி அலைய வேண்டாம். கடையில் வெட்டி ஒட்டிய வயர்தான். வெளிச்சந்தை ரேடியோக்களில் மஞ்சள் எப்போதும் மின்சாரம், சிவப்பு சாவியோடு வருவது, கறுப்பு எர்த், ஆரஞ்சு இரவு விளக்கு. இந்த நிறங்கள் வண்டியின் சொந்த வயர் நிறங்களோடு ஒத்துப்போகாது. அதனால் நிறத்தை நம்பி இணைக்காமல் மீட்டர் வைத்துப் பார்த்து இணைக்கச் சொல்லுங்கள்.

6. கழற்றுவது என்று முடிவு செய்தால் பெட்டரியின் எர்த் முனையை முதலில் எடுத்துவிடுங்கள். காற்றுப்பை உள்ள வண்டி என்றால் அதன் பிறகு சில நிமிடங்கள் காத்திருந்துதான் டேஷ்போர்டில் கை வைக்க வேண்டும். பழைய வால்வோ, மெர்சிடிஸ் வண்டிகளின் சொந்த ரேடியோ சிலவற்றுக்கு ரகசிய எண் உண்டு. மின்சாரம் துண்டிக்கப்பட்டால் அந்த எண்ணைக் கேட்கும். அது கையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

7. முப்பது வருடம் வெயிலில் வெந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினால் கொக்கி உடையும், உடைந்த கொக்கிக்கு மாற்று கிடைக்காது. பழைய வங்கி அட்டையின் விளிம்பில் துணி சுற்றி, நான்கு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். இழுத்தும் வரவில்லை என்றால் எங்கோ ஒரு ஸ்குரூ மறைந்திருக்கிறது. வீரா போன்றவற்றில் கடிகாரம் டேஷ்போர்டின் நடுவில் இருக்கும். சுற்றியுள்ள சட்டத்தை எடுத்தால்தான் வெளியே வரும். ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது உதவும்.

8. வெளியே வந்ததும் கடிகாரத்தைப் பிரிக்காதீர்கள். பெட்டரியை மீண்டும் இணைத்து, வயர் முனையில் மின்சாரம் வருகிறதா என்று அளந்து பாருங்கள். எர்த்தையும் சேர்த்து அளக்க வேண்டும்: மீட்டரின் கறுப்பு முனையை வண்டியின் இரும்பில் வைக்காமல் கனெக்டரின் எர்த் காலிலேயே வையுங்கள். இரும்பில் வைத்தால் 12 வோல்ட், எர்த் காலில் வைத்தால் ஒன்றுமில்லை என்றால் எர்த்தில்தான் பிழை. கனெக்டரின் பித்தளைக் கால்களில் பச்சைக் களிம்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே இதற்கு வேண்டாம், அது படலமாகத் தங்கித் தூசியைப் பிடிக்கும். 2021 டிசம்பர் 18 வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் மூழ்கிய வண்டிகள் பல, துடைத்துக் காயவைக்கப்பட்டுத் திரும்பவும் சாலைக்கு வந்தன. அப்படிப்பட்ட வண்டியில் கடிகாரம் மேலே நனையாமல் தப்பியிருந்தாலும், கீழே உள்ள ஃபியூஸ் பெட்டியும் வயர் இணைப்புகளும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இணைப்பாகத்தான் பார்த்துவர வேண்டும், குறுக்குவழி இல்லை.

9. மின்சாரம் எல்லாம் சரி, எழுத்து மட்டும் வரவில்லை என்றால் இப்போது பிரிக்கலாம். உள்ளே கைக்குள் அடங்கும் ஒரு சர்க்கிட் பலகை. 12 வோல்ட்டைக் கடிகாரத்துக்கு ஏற்ற அளவுக்கு இறக்க அதில் சில ரெசிஸ்டர்கள் இருக்கும். அவை எரியும் நேரமெல்லாம் சூடாகும், நிறுத்தினால் ஆறும். பல வருடம் இப்படிச் சூடேறி ஆறியதில், அவற்றின் காலைப் பிடித்திருக்கும் ஈயம் முடிபோல விரிசல் விடுகிறது. 1990-களின் டொயோட்டா கடிகாரங்களில் உலகம் முழுக்கப் பேர்போன நோய் இது. மற்ற ஜப்பானிய வடிவமைப்புகளிலும் வரும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் காலைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். பலகை பழுப்பேறிய இடம் எதுவோ, அங்கே தேடுங்கள்.

பரிகாரம் எளிது. 30 அல்லது 40 வாட் சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஃபிளக்ஸ், எலக்ட்ரானிக் வேலைக்கான மெல்லிய ஈயம். பழைய ஈயத்தை உருக்கி, புதிதாகத் துளி சேர்த்து, இரண்டு மூன்று நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் சூடு கொடுத்தால் பலகையில் ஒட்டியிருக்கும் செப்புப் பட்டை கழன்று வந்துவிடும். விரிசல் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்றாலும், பெரிய ரெசிஸ்டர்கள், கனெக்டர் கால்கள், மணி மாற்றும் பொத்தான் கால்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புதுப்பித்துவிடுங்கள். திரும்பவும் பிரிக்கும் வேலை மிச்சம். ஈயப் புகை உடம்புக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்து, முடித்ததும் கை கழுவுங்கள்.

சால்டரிங் கைவராதவர்களுக்கு என் யோசனை: கழற்றிய கடிகாரத்தைக் கைப்பேசி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அவர் தினமும் இதைவிட நுணுக்கமான பற்றவைப்பைச் செய்கிறவர். பத்து நிமிட வேலை. "எந்தக் கால்" என்று நீங்கள் குறித்துக் காட்டினால் போதும்.

10. எழுத்து நீலப் பச்சையாகத் தானே ஒளிர்கிறதா, அல்லது சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்தா? ஒளிர்வது ஒரு கண்ணாடிக் குழல். வருடக்கணக்கில் எரிந்து அதன் பூச்சு தேய்ந்து மங்கினால் அதைத் திருப்ப வழியில்லை. வேறு கடிகாரத்தில் இருந்து குழலை மாற்ற வேண்டும், அல்லது முழுக் கடிகாரத்தையே. இங்கே பழுதுபார்க்கக் காசு கொடுப்பது வீண். கறுப்பு எழுத்து வகையில் முகம் முழுக்கக் கறுத்துப் படர்ந்திருந்தால் பல நேரம் மேலே ஒட்டிய போலரைஸர் தாள்தான் வெயிலில் கெட்டிருக்கும். அதை உரித்துப் புதிது ஒட்டலாம், பொறுமை வேண்டும். தாளைத் தப்பான கோணத்தில் வைத்தால் எழுத்து தெரியாது. ஒட்டுவதற்கு முன் மின்சாரம் கொடுத்து, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

11. முள் உள்ள குவார்ட்ஸ் கடிகாரங்கள்: மெர்சிடிஸ் டபிள்யூ123, டபிள்யூ124, ஷா ஆலாமில் பூட்டப்பட்ட வால்வோ 240 ஆகியவற்றில் இந்த வகை உண்டு. இவற்றில் முள் நின்றுபோக முதல் காரணம், உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்துபோவது. குளிர்ந்த நேரத்தில் ஓடாமல் சூடானதும் ஓடத் தொடங்குவது அதற்கு அடையாளம். கெப்பாசிட்டரின் மேல் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் எண்ணையே வாங்குங்கள். வோல்ட் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. 105 டிகிரி தாங்கும் வகை கேளுங்கள். 85 டிகிரி வகை நம் டேஷ்போர்டு வெயிலுக்கு நீடிக்காது. சில காசுகளில் கிடைக்கும் பொருள் இது. கோடு போட்ட கால் எதிர்மறை. மாற்றிப் போட்டால் வெடிக்கும். முள்ளைக் கையால் பிடுங்காதீர்கள், அச்சு மிக மெல்லியது.

12. அதற்கும் முந்தைய 1960-களின் மெர்சிடிஸ் போன்றவற்றில் இருப்பது சுருள்வில் கடிகாரம். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளே இரண்டு உலோக முனைகள் தொட்டதும் காந்தம் ஓர் உதை கொடுத்துச் சுருள்வில்லை முறுக்கிவிட்டு, முனைகளைப் பிரித்துவிடும். பெட்டரி தளர்ந்தால் அந்த உதைக்குப் பலம் போதாது. முனைகள் தொட்டபடியே நின்று, மின்சாரம் ஓடி, காந்தத்தின் கம்பிச்சுருள் கருகும். இந்த வகைக் கடிகாரங்களைக் கொல்வது பெரும்பாலும் பலவீனமான பெட்டரிதான். ஆகவே தீபாவளிக்கு ஊருக்குப் போய்ச் சில வாரம் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் கடிகார ஃபியூஸை எடுத்துவிட்டுப் போங்கள். கரிபிடித்த முனைகளை மணல்தாள் போட்டுத் தேய்க்காமல், கெட்டியான காகிதத் துண்டை இடையில் விட்டு இழுத்துத் துடையுங்கள். சக்கரங்களுக்கு எண்ணெய் போடுவது கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர்களின் வேலை. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் அப்படி ஒருவர் தெரிந்தால் அவரிடமே கொடுங்கள். தையல் மெஷின் எண்ணெயைக் கொட்டினால் நின்றே போகும்.

13. இரவில் மட்டும் தெரியவில்லை என்றால் பின்னால் இருக்கும் குட்டி பல்பு. பழைய பல்பின் வாட் எவ்வளவோ அதையே போடுங்கள். வெளிச்சம் கூடட்டும் என்று பெரியதைப் போட்டால் பிளாஸ்டிக் உருகும். எல்இடி போட்டு எரியவில்லை என்றால் திருப்பிச் செருகிப் பாருங்கள்.

14. முகப்புப் பிளாஸ்டிக் மங்கிக் கீறல் விழுந்திருந்தால் வெள்ளைப் பற்பசையைப் பருத்தித் துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைக்கலாம். வெளிப்பக்கம் மட்டும். உள்பக்கம் பச்சை வடிகட்டித் தாளோ அச்சோ இருந்தால் உரிந்துவிடும்.

15. மணி பிந்துகிறதா? எவ்வளவு என்று பாருங்கள். மாதத்துக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் என்றால் குறையே இல்லை. பல குவார்ட்ஸ் கடிகாரங்களில் நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் இருக்கிறது. 25 டிகிரி சூட்டில் சரியாக ஓடுமாறு அது வெட்டப்பட்டிருக்கும். சூடு ஏற ஏற மெதுவாகும். நிழலில்லாத கார்ப்பார்க்கில் 65 டிகிரியில் ஐந்து மணி நேரம் நின்றால் ஏறக்குறைய ஒரு வினாடி பிந்தும். கண்ணாடிக்குப் பின்னால் வெயில் மறைப்பு அட்டை வைத்தால் இந்தப் பிந்தலும் குறையும், ஈயமும் பிளாஸ்டிக்கும் நீடிக்கும். ஒரு நாளில் சில நிமிடம் பிந்தினால் அது வெயில் அல்ல. மின்சாரம் இடையிடையே அறுகிறது என்று எடுத்துக்கொண்டு முதல் குறிப்பிலிருந்து தொடங்குங்கள்.

16. நேரம் வைப்பதற்கு மிட்சுபிஷி, டொயோட்டா வழிவந்த பல கடிகாரங்களில் மூன்று பொத்தான்கள்: எச் மணிக்கு, எம் நிமிடத்துக்கு, மூன்றாவதில் :00 என்று எழுதியிருக்கும். அந்த மூன்றாவதைப் பலர் தொடுவதே இல்லை. வானொலியில் மணிச்செய்தி தொடங்கும் கணத்தில் அதை அழுத்தினால் நிமிடம் பூஜ்யத்துக்கு வந்து சரியாக நிற்கும். 29 நிமிடம் வரை காட்டிக்கொண்டிருந்தால் அதே மணிக்குப் பின்வாங்கும், 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் அடுத்த மணிக்கு முன்னேறும். பந்து முனைப் பேனாவால் மெதுவாக அழுத்துங்கள். முள் கடிகாரம் என்றால் முன்னோக்கி மட்டும் திருப்புவது நல்லது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே நகர்ந்தபோது, அந்நாளைய டட்சன், மெர்சிடிஸ் கடிகாரங்கள் எல்லாம் இப்படித்தான் கையால் திருத்தப்பட்டன.

17. கெப்பாசிட்டர், ரெசிஸ்டர், பல்பு, கான்டாக்ட் கிளீனர் எல்லாவற்றுக்கும் புடு வட்டாரத்தில் உள்ள ஜாலான் பாசார். எலக்ட்ரானிக் உதிரிப் பொருளுக்குப் பேர்போன தெரு. பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். முழுக் கடிகாரமே வேண்டும் என்றால் பொட்டோங் கடைகள், அதாவது வெட்டிய வண்டிகளின் சாமான் விற்கும் கடைகள். கிள்ளானிலிருந்து காப்பார், மேரு பக்கம் போனால் பல இருக்கின்றன. வீராவின் அடிப்படை மிட்சுபிஷி லான்சர்தான். ஆகவே லான்சரிலிருந்து வந்த கடிகாரமும் கிடைக்கக்கூடும். உருவம் ஒத்திருந்தால் மட்டும் போதாது, கனெக்டரின் கால் எண்ணிக்கையும் வயர் வரிசையும் ஒத்திருக்க வேண்டும். காசு கொடுப்பதற்கு முன் அங்கேயே ஒரு 12 வோல்ட் பெட்டரியில் எரிய வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல தௌக்கே மறுக்கமாட்டார். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

புதிது பொருத்தினாலும் பழைய கடிகாரத்தை வொர்க்‌ஷாப்பில் விட்டுவராதீர்கள். அதன் பொத்தான், கொக்கி, கண்ணாடி, கனெக்டர் எதுவும் இனிமேல் புதிதாகச் செய்யப்படப் போவதில்லை. கேட்டு வாங்கி, ஒரு பையில் போட்டு, வண்டியின் பெயரையும் வருடத்தையும் எழுதி வீட்டில் வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், அதே வண்டியை வைத்துக்கொண்டு ஒரு கொக்கிக்காகக் கடை கடையாக ஏறி இறங்கும் யாருக்காவது அதைக் கொடுங்கள்.